தழை வைத்த வண்டி

லாரி ஓட்டியவனுக்கு விமானம் ஓட்ட வருமா என்று வேறு ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். நாமக்கல்லில் சிரிக்க மாட்டார்கள். சேலம் ரோட்டில் டயர் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் பதினெட்டு நாற்காலிகள் போட்ட ஹால் ஒன்று இருந்தது. பதினெட்டிலும் பழைய லாரி டிரைவர்கள் உட்கார்ந்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, நடுவில் இரண்டு டீயோடு, விமானம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ரப்பர் வேகும் நாற்றம், மேலே ஏசிக் குளிர்.

நிஜ விமானம் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு. தாத்தா காலத்து உலகப் போர் மாதிரி ஒரு போர். அதில் குண்டு போடுகிற பெரிய விமானங்களை எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் வீட்டிலிருந்து ஓட்டினார்கள். நாமக்கல் ஹாலுக்கு வாய்த்தது தும்பி. ஒற்றை இன்ஜின், துணி போர்த்திய இறக்கை, துப்பாக்கி கூடக் கிடையாது. தாழ்வாக, மெதுவாகப் பறந்து, எதிரியின் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. பார்த்ததும் பொத்தானை அமுக்கினால் அந்த வண்டியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஹாலில் அதற்குப் பெயர் பொட்டு. பொட்டு விழுந்த வண்டியைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தும்பி அதற்குள் அடுத்த மலையைத் தாண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கம்பெனி ஒரே ஒரு தகுதிதான் கேட்டது. பத்து வருஷமாவது நெடுந்தூர லாரி ஓட்டியிருக்க வேண்டும். ஊரே கேலி பேசியது. ஆனால் கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. ஒரு வண்டி எங்கே ஒளியும் என்பது டிரைவரின் புத்திக்குத்தான் தெரியும். எந்த மரத்தின் நிழல் மூன்று மணிக்கு எந்தப் பக்கம் சாயும், ஓடைப் பாலத்துக்கு எத்தனை அடி முன்னால் ரோட்டை விட்டு இறங்கலாம், இதெல்லாம் எந்தப் படிப்பிலும் வராது.

அந்தப் பதினெட்டுப் பேரில் கெட்டிக்காரன் பதினாலாம் நம்பர் நாற்காலி நாச்சிமுத்து. வயது நாற்பத்தாறு. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விமானத்துக்குக் காலால் மிதிக்க வேண்டியதைக் கையால் இழுக்கும்படி அவனுக்கென்று ஒரு லீவர் செய்து கொடுத்திருந்தார்கள். தழை போட்டு மூடிய வண்டிகளைக் கண்டுபிடிப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை. வெட்டிய தழை மத்தியானத்துக்குள் வாடும், மரத்துத் தழை வாடாது, அவ்வளவுதான் சூத்திரம். பசுமையில் ஒரு சோர்வு தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொட்டு வைத்துவிடுவான். கம்பெனி அதற்கு ஒரு சான்றிதழ்கூட அனுப்பியது. அதை அவன் மனைவி பூங்கொடி சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தாள்.

அவன் பொட்டு வைக்காமல் விடுகிற வண்டியும் ஒரு வகை உண்டு.

"ஏனுங்க, பாலத்துக்கிட்ட ஒண்ணு நின்னுச்சே, பாக்கலீங்களா?" என்றான் பக்கத்து நாற்காலிக் குழந்தைவேல். கேஸ் டேங்கர் ஓட்டி, சர்க்கரை வியாதியில் லைசென்ஸை இழந்தவன்.

"பாத்தேன்."

"பின்ன எதுக்கு விட்டீங்க?"

"அது படுத்த வண்டிங்க. பின்னால ரோட்டு மேல தழை கெடக்குது பாருங்க. ரெண்டு கல்லும் வெச்சிருக்கான். டிரைவர் அடியில படுத்து எதையோ கழட்டிட்டு இருப்பான்."

"கேம்ல ஏதுங்க டிரைவரு?"

ஹாலே சிரித்தது. நாச்சிமுத்தும் சிரித்தான். ஆனால் அடுத்த தடவையும் விட்டுவிட்டுத்தான் போனான். நம் ரோடுகளில் வண்டி பழுதாகி நின்றால் முதல் வேலை, பக்கத்து மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளிப் போட்டுவிட்டு வருவது. சிவப்பு முக்கோணத்தை எவனும் பார்க்க மாட்டான். ரோட்டு நடுவே தழை கிடந்தால் எப்பேர்ப்பட்ட தூக்கக் கலக்கத்திலும் டிரைவரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அப்படி நிற்கிற வண்டியை இடிப்பது பாவம். அதன் மேல் பொட்டு வைக்க நாச்சிமுத்துவின் விரலுக்கு வரவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் போரில் இந்தப் பழக்கத்தை யார் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் 'சந்தேகம்' என்று, ஒரு நிமிஷம் ஓடுகிற பத்துத் துண்டுப் படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி. இதற்குப் பொட்டு வைக்கலாமா, கூடாதா, ஏன் என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். தழை மூடிய வண்டிக்கு 'மறைவு' என்று எழுதுவான். தழையைப் பின்னால் போட்டு நிற்கிற வண்டிக்குக் கூடாது என்று அமுக்கி, 'படுத்த வண்டி' என்று எழுதுவான். பத்தையும் முதல் டீ வருவதற்குள் முடித்துவிட்டு மறந்துபோவான்.

கால் போன கதை சின்னக் கதைதான். நாச்சிமுத்துவும் அவன் மச்சினன் துரைராசுவும் ஒன்பது வருஷம் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். ஒருவன் ஓட்ட ஒருவன் தூங்குவான். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றினால் கவுகாத்தி வரைக்கும் அந்தக் கேபின்தான் வீடு. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, ஆந்திராவில், ஏர் பைப் கழன்றுபோய் வண்டி நின்றது. கொப்பு ஒடிக்கப் போன துரைராசுவை நாச்சிமுத்துதான் தடுத்தான். "அஞ்சு நிமிச வேலை மாப்ளே, ஸ்பேனர எடு" என்றான். மூன்றாவது நிமிஷம் பின்னால் வந்த சிமெண்டு லாரி அவன் காலை எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து துரைராசுவுக்குத் தழை ஒரு வெறியாகிவிட்டது. சிறுநீர் கழிக்க நிறுத்தினாலும் தழை போடாமல் இறங்க மாட்டான். தனியாக லாரி ஓட்ட மனம் வராமல் வெளிநாடு போனான். போர் நடக்கிற ஒரு நாடு. நிவாரணக் கோதுமை மாவு ஏற்றுகிற வேலை. அங்கே ஓட்டுகிற டிரைவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள்தான். பூங்கொடி தடுத்தாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். மாவு வண்டியை யாரும் அடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். அந்த ஞாயிறும் வந்தான். வண்டியின் நிழலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் மரமே இல்லீங்க மாமா. பொட்டக்காடு. அதான் வார வழியில நாலு ஈச்ச மட்டைய வெட்டி கேபினுக்குப் பின்னால கட்டி வெச்சிருக்கேன். எங்க நின்னாலும் எடுத்துப் போட்டுருவேன். இங்கத்த ஆளுக எல்லாம் சிரிக்கிறானுக."

"சிரிக்கட்டும். நீ போடு" என்றான் நாச்சிமுத்து.

"எங்க நிக்கறேன்னு காட்டறேன் பாருக்கா" என்று போனைத் திருப்பினான் துரைராசு. வறண்ட மேடு, அதன் மேல் குண்டு பட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி. நான்கு காலில் ஒன்று இல்லை. விழவும் விழாமல் நிற்கவும் நிற்காமல் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

பூங்கொடி "அய்யோ, அதுக்கடியில போயி நிக்காதடா" என்றாள். அந்தத் தொட்டியை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அதன் மேல் அவன் நூறு தடவைக்கு மேல் பறந்திருக்கிறான். அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஒரு வளைவு வரும், வளைவில் ஒரு வெள்ளைச் சுவர். "மாப்ளே, எடது பக்கம் காட்டு" என்றான். வெள்ளைச் சுவர் இருந்தது.

மறுநாள் காலை நாற்காலியில் உட்காராமல் நேராக இந்துமதியின் அறைக்குப் போனான். ஹாலைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். முப்பது வயதிருக்கும். எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண்தான். அதுதான் இதில் கொடுமை.

"அந்தத் தொட்டி நெசமாலுமே இருக்குதுங்க" என்றான்.

இந்துமதி கதவைச் சாத்தினாள். "உக்காருங்ணா."

"நெசமா, பொய்யா?"

"தரை நெசம். மேலருந்து புடிச்ச படம். வண்டிகளுக்கு மட்டும் பழைய காலத்து வேசம் போட்டு விட்டுருக்காங்க. நாம வெக்கிற பொட்ட எல்லாம் எடுத்து ஒரு மெசினுக்குச் சொல்லித் தராங்க. அந்த மெசினு அங்க நெசமாவே பறக்குது. ஆள் இல்லாத சின்ன விமானம். பேரும் தும்பிதான்."

"எங்களுக்கு எதுக்குச் சொல்லல?"

"எனக்கே ஆறு மாசம் கழிச்சுத்தாங்ணா தெரியும்." அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்ச அன்னிக்கே போயிருக்கணும். போகல."

"மாவு வண்டியும் அங்கதான ஓடுது?"

"கூட்டமா ஓடற வண்டிய அது தொடாது. எந்தக் கூட்டம் எப்ப போகும்னு லிஸ்ட் இருக்குது. தனியா ரோட்டோரமா நின்னாத்தான் பாக்கும்."

"வண்டிக்கிட்ட தழை இருந்தா?"

அவள் தயங்கினாள். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், தழைன்னாலே மறைவுன்னு எடுத்துக்கும். அதச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதாங்ணா. சர்டிபிகேட் வந்துச்சே."

டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிற காகிதம் நாச்சிமுத்துவின் கண்ணில் நின்றது. வாடிய பசுமை எல்லாம் அவன் கண், அவன் விரல். மச்சினனோ நாலு வாடிய மட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அதே மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறான். செய்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. செய்யாமல் விட்டது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மனுஷ மனசு அப்படித்தான்.

மத்தியானம் ஹாலை விட்டு வந்து, வீட்டு வாசலிலேயே நின்று போன் போட்டான். நாலாவது தடவை கிடைத்தது. பூங்கொடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாப்ளே, அந்த மட்டையத் தூக்கி வீசு. இப்பவே வீசு."

"என்னங்க மாமா?"

"மேலருந்து பாத்தா மறைஞ்சு நிக்கற வண்டின்னு நெனச்சு அடிச்சுருவானுக. காரணம் கேக்காத. எனக்குத் தெரியும்."

காற்று போனில் இரைந்தது. "தழை இல்லாம நிறுத்தச் சொல்றீங்களா? நீங்களா?"

"நாந்தான் சொல்றேன்."

"இங்க ரோட்டுல கண்ணு மண்ணு தெரியாம வாரானுக மாமா. ஒரு தடவ உங்க பேச்சக் கேட்டதுக்கே உங்க கால் போச்சு."

நாச்சிமுத்து போனைப் பூங்கொடியிடம் கொடுத்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புருஷன் முகம் புரிந்தது. "என் மேல சத்தியம் பண்ணுடா" என்றாள். "தழை வெக்க மாட்டேன்னு சொல்லு." அவன் முனகினான். அவள் அழ ஆரம்பித்ததும் சொன்னான். மட்டைகளைக் கேபினிலிருந்து அவிழ்த்து மேட்டில் எறிவதை வீடியோவில் காட்டினான். நாச்சிமுத்து அப்போதுதான் மூச்சு விட்டான். அன்றைக்கு அவன் நன்றாகச் சாப்பிட்டான் என்பதைப் பிற்பாடு நினைத்து நினைத்துக் குமைந்தான்.

வேலையை விட்டுவிட நினைத்தான், விடவில்லை. உள்ளே இருந்தால்தானே மெஷினின் படிப்பைக் கெடுக்க முடியும். அந்த வாரம் முழுவதும் தழை மூடிய வண்டிகளைப் பார்த்தும் பாராமல் பறந்தான். வெறும் பாறைக்கெல்லாம் பொட்டு வைத்தான். "உங்களுக்கும் சர்க்கரை ஏறிருச்சுங்களா?" என்று குழந்தைவேல் கேட்டான். ஹாலே சேர்ந்து கற்றுக்கொடுத்ததை ஒருவன் ஒரு வாரத்தில் மறக்கடித்துவிட முடியுமா என்று அவனுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சேதி வந்தது. வரிசையில் போன மாவு வண்டிகளில் ஒன்று வழியில் பழுதாகி நின்றதாம், மற்றவை முன்னால் போய்விட்டனவாம், வானிலிருந்து அடித்துவிட்டார்களாம். வண்டி துரைராசுவுடையது. உடம்பு என்று அனுப்ப எதுவும் இல்லை என்று ஒரு மலையாளத்து மேஸ்திரி போனில் சொல்லி அழுதான். துரைராசுவின் செருப்பும் ஒரு பையும் வந்தன. அவற்றை வைத்துத்தான் காரியம் செய்தார்கள்.

பூங்கொடி மார்பில் அடித்துக்கொண்டு அழுததைவிட அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் நாச்சிமுத்துவைக் கொன்றது. "வெச்சிருப்பான். எனக்குத் தெரியும். தழையத்தான் வெச்சிருப்பான். எங்கியாச்சும் முள்ளுச்செடிய ஒடிச்சுப் போட்டிருப்பான். பிடிவாதம் புடிச்சவன். என் மேல சத்தியம் பண்ணியும் கேக்கல." துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "இவரு எச்சரிச்சாரு. இவரு சொன்னதக் கேட்டிருந்தா இருந்திருப்பான்." வந்தவர்கள் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து, நீ உன் கடமையைச் செய்தாய் என்றார்கள்.

அவனும் அப்படித்தான் நம்பினான். தழையைத்தான் வைத்திருப்பான் என்று. தான் கற்றுக்கொடுத்த கண்தான் அதைப் பார்த்தது என்று.

பதினேழாம் நாள் வேலையை விட்டுவிட்டு அடையாளக் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஹாலுக்குப் போனான். இந்துமதியும் ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜையில் வைத்திருந்தாள். "உங்க சிஸ்டத்துல கையெழுத்து ஒண்ணு போடணுங்ணா, அதோட சரி" என்றாள். பதினாலாம் நாற்காலியில் உட்கார்ந்து கார்டைத் தேய்த்தான். வழக்கம்போல 'சந்தேகம்' தானாகத் திறந்தது. இரண்டு வாரத்துப் படங்கள் தேங்கிக் கிடந்தன. மூட விரல் போனது. முதல் படத்தில் சாய்ந்த தொட்டி இருந்தது.

வேஷம் போடாத படம். நிஜ லாரி. வெள்ளைக் கூரை, அதில் நிவாரண அடையாளம் பாதி புழுதியில் மறைந்திருந்தது. ரோட்டோரம் தனியாக நின்றது. அதற்குப் பின்னால் இருபது அடி தள்ளி, ரோட்டின் மேல் ஒரு ஆள். கையில் சிவப்புத் துண்டு. வருகிற வண்டிகளுக்காக அதை வீசிக்கொண்டிருந்தான். தழை கிடக்க வேண்டிய இடத்தில் அவனே நின்றுகொண்டிருந்தான்.

படம் எடுத்த விமானம் ஒரு வட்டம் போட்டது. வண்டிக்குப் பின்பக்கம் தாழ்ந்து வந்து பார்த்தது. மறுபடி ஒரு வட்டம், மறுபடி அதே இடம். இன்னொரு தடவை. அந்த வட்டத்தை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். படுத்த வண்டியோ என்று சந்தேகம் வந்தால் அவன் போடுகிற வட்டம் அது, இடது கையால் லீவரை இழுத்துப் போடுவது. மூன்றாவது வட்டத்தில் பொட்டு விழுந்தது.

"இது நீங்க பாக்கக் கூடாதுங்ணா" என்று பின்னால் இந்துமதி ஓடி வந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டுக் கீழே எழுதியிருந்ததைப் படித்தான். அவளும் படித்தாள்.

'இதே வண்டி முன்பு நான்கு முறை தனியாக நின்றது. நான்கு முறையும் விடப்பட்டது. காரணம்: படுத்த வண்டி. கற்றுக்கொடுத்தவர்: நாற்காலி 14. இம்முறை தழை இல்லை. முடிவு சரியா?'

கீழே நான்கு சின்னப் படங்கள். நான்கிலும் அதே வெள்ளைக் கூரை. நான்கிலும் பின்னால் ரோட்டின் மேல் ஒரு ஈச்ச மட்டை, அதன் மேல் இரண்டு கல்.

"எனக்கு இது தெரியாதுங்ணா. சத்தியமா தெரியாது" என்றாள் இந்துமதி. "தழைன்னாலே அடிக்கும்னு நெனச்சேன். வண்டி மேல மூடுன தழையையும் பின்னால போட்ட தழையையும் பிரிச்சுப் பாக்கும்னு நெனக்கலீங்ணா."

திரை பதிலுக்காகக் காத்திருந்தது. நாச்சிமுத்து 'இல்லை' என்பதை அமுக்கினான். ஏன் என்று கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'டிரைவர்' என்று அடித்தான். பதிவாகிவிட்டது, நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த படம் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது பூங்கொடி மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே தம்பியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், தினமும் போடுகிற அதே சண்டை. "ஒரே ஒரு பேச்சு கேட்டியாடா? அக்கா தல மேல அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, தழைய வெச்சியேடா." டிவிக்கு மேலே சட்டம் போட்ட காகிதம் அப்படியே இருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். அவளுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு தம்பி இருப்பான், அவனுக்குக் கை பிடித்து ஆறுதல் சொல்ல ஒரு ஊர் இருக்கும். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. நாச்சிமுத்து ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உட்கார வெகு நேரம் ஆனது.

"அவனத் திட்டாத புள்ள" என்றான். "அவன் வெக்கல. நாம சொன்ன பேச்சக் கேட்டான்."